ஆண் முயல்களுக்கு பார்லிச் சக்கை: 60 நாள் பொறுத்த பிறகு

வீட்டிலேயே பீர் தயாரிக்கும் நண்பர் ஒவ்வொரு முறையும் வாளி நிறைய பார்லிச் சக்கையைக் கொட்டுவதைப் பார்த்துத்தான் இதில் இறங்கினேன். மாவுச்சத்து சர்க்கரையாகி நீரோடு வடிந்துவிடுவதால் சக்கையில் மிஞ்சுவது பெரும்பாலும் நாரும் புரதமும்தான், காய்ந்த எடையில் புரதமே 20 முதல் 30 சதவீதம் வரும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்ப்பதற்கு முன்பே வடித்தெடுப்பதால் கசப்பும் கிடையாது. குட்டிகளை வளர்க்க இது நல்ல தீவனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதைத் தின்னும் ஆண் முயலின் இனவிருத்தித் திறன் என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்க விரும்பினேன்.

ஒரு வயது தாண்டிய ஆண் முயல்கள் நான்கு. இரண்டுக்கு அடர்தீவனத்தில் கால் பங்கை எடுத்துவிட்டு, காயவைத்த சக்கையைக் கலந்தேன். மற்ற இரண்டுக்கும் பழைய தீவனமே. உலர்புல் எல்லாவற்றுக்கும் எப்போதும் போல.

8வது நாளில் சக்கை தின்ற இரண்டையும் இணை சேர்த்தேன். 12 நாள் கழித்து வயிற்றைத் தடவிப் பார்த்தால் மூன்று பெண் முயல்களில் இரண்டு சினையில்லை. மனசு விட்டுப்போய், நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். முயலுக்கு ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 40 நாள், விந்துநாளச் சுருளில் முதிர்ந்து வெளிவர இன்னும் 10 நாள் ஆகும். அப்படியென்றால் 8வது நாளில் வந்த விந்து, நான் சக்கையைத் தொடுவதற்கு ஆறு வாரம் முன்பே உருவாகத் தொடங்கியது! அந்தச் சமயத்தில் கடும் வெயில். கொட்டகை 30 டிகிரியைத் தாண்டினால் விந்தின் தரம் விழும், அதன் விளைவும் வாரக்கணக்கில் பின்தங்கியே தெரியும். பழைய தீவனம் தின்ற முயல்களிலும் ஒன்று அதே வாரம் ஏமாற்றியது. ஆக, சக்கைமேல் பழி போட இருந்தது என் அவசரம்.

உண்மையான தொல்லை ஈரத்தில் இருந்தது. புதுச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், ஒரு நாள் குவித்து வைத்தாலே புளிப்பு வாடை வருகிறது. முதல் முறை தடிமனாகப் பரப்பி, மேலே காய்ந்ததை நம்பி அள்ளியபோது அடியில் கட்டியாக நூல் நூலாகப் பூஞ்சை. அந்த முழுச் சக்கையையும் கொட்டிவிட்டேன், கொஞ்சம்கூட வருத்தமில்லை. பூஞ்சை நஞ்சுகளில் ஸெராலெனோன் என்று ஒன்று உண்டு, தானியத்தில் ஃபியுசேரியம் பூஞ்சை உண்டாக்குவது. உடம்புக்குள் போனால் பெண்பால் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும். ஆண் முயலின் விரைக்கு அதைவிட வேண்டாத பொருள் எது? காயவைத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு லேசில் போகாது, அதனால் பூஞ்சையை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்ற யோசனையே கூடாது. இப்போது விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, நாளுக்கு நான்கு முறை கிளறி, கையில் நொறுங்கும் வரை காயவிடுகிறேன்.

60 நாள் தாண்டியபின் ஒவ்வொரு பக்கமும் ஆறு இணைசேர்ப்பு. சக்கை தின்றவற்றில் ஐந்து சினை, மற்றதில் நான்கு. குட்டி எண்ணிக்கையிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. தீவனத்தில் கால் பங்கு மாறியும் குறையவில்லை என்பதே எனக்குப் போதும், கூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சக்கைப் பக்கத்தில் ஒன்று மட்டும் கொழுத்துவிட்டது, பெண் முயலிடம் விட்டால் முகர்ந்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். கேட்டபோதெல்லாம் போட்டது நான்தான். அடர்தீவனத்தை அளந்து போட்டு உலர்புல்லைக் கூட்டியதும் மூன்று வாரத்தில் பழைய வேகம் வந்துவிட்டது.

அடுத்து பீர் அடியில் படியும் ஈஸ்ட். புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்தது, ஆனால் உயிரோடு போட்டால் வயிற்றில் நொதித்து உப்பச் செய்யும் என்பதால் நன்றாகக் கொதிக்கவைத்துக் காயவைத்த பிறகே சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கிறேன். இன்று 19வது நாள். நேற்று இணை சேர்த்ததைக் குறிப்பேட்டில் எழுதவில்லை, அது பழைய தீவனத்தின் விந்து.