பேர் சொல்லிப் பாடுத்தா

"எனக்குப் பாட்டே வராதும்மா" என்று இந்தக் காலத்துப் பெண்கள் சொல்லி நிறையக் கேட்டுவிட்டேன். பிரசவத்துக்குக் கோட்டையூர் வந்திருக்கும் என் மகளும் அதையேதான் சொன்னாள். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். தாலாட்டுக்குக் குரல் வேண்டாம், ராகம் வேண்டாம், மனப்பாடமாக ஒரு பாட்டுகூட வேண்டாம். பிள்ளையின் அப்பச்சி, அதாவது அப்பா, எங்கே இருக்கிறார், அம்மான், அதாவது தாய்மாமன், யார், எந்த ஊர், எந்தக் கோயில், இவ்வளவு தெரிந்தால் போதும். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துத் தாலாட்டை இதை வைத்துத்தான் கட்டுவார்கள்.

பேரன் பிறந்து கொஞ்ச நாள் சாதுவாகத்தான் இருந்தான். அப்புறம் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் அழுகை. பால் குடித்திருப்பான், துணி காய்ந்திருக்கும், வயிறும் இளகித்தான் இருக்கும், ஆனாலும் முகம் சிவக்கச் சிவக்க அழுவான். டாக்டரிடம் காட்டினோம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆறு வாரம் வரை இப்படி ஏறிக்கொண்டே போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும் என்றார். மனசுக்கு நிம்மதிதான். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவளுக்கு மூன்று மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

மகள் படித்துச் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஜப்பானில் ரிக்கென் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் 2022ல் பார்த்திருக்கிறார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்காமல் நடக்க வேண்டுமாம். தூங்கியதும் உடனே கீழே போடக் கூடாது. மடியிலேயே வைத்துக்கொண்டு ஐந்து முதல் எட்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் படுக்க வைத்தால் விழிக்காமல் தூங்குமாம். வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, சுற்றி நடந்து பார்த்தோம். பல நாள் பலித்தது. இந்த வீட்டில் எத்தனையோ ஆச்சிமார்கள் இதே தூண்களைச் சுற்றி இப்படித்தான் நடந்திருப்பார்கள்.

நடப்பது கால். அந்த ஐந்து நிமிஷமும் வாய்க்கு வேலை வேண்டாமா? அங்கேதான் பாட்டு.

தொட்டில் வீட்டின் இரண்டாம் கட்டிலே, உத்தரத்து வளையத்தில் தொங்குகிறது. பழைய கைத்தறிச் சேலை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. துணி பிள்ளையின் முகத்தில் மூடாமல் இருக்க நடுவில் குறுக்கே ஒரு கட்டை. தலை முன்னால் மடங்கி மோவாய் நெஞ்சில் இடிக்கிற மாதிரி ஆழமாகக் கட்டக் கூடாது. தொட்டிலில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற பழக்கமும் இந்த வீட்டில் கிடையாது. தூக்கம் பிடித்ததும் எடுத்து, சமமான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவோம்.

ஆட்டும்போது கவனித்துப் பாருங்கள். தொட்டில் போய் வருகிற ஒரு சுற்றுக்குப் பாட்டில் ஒரு அடி. பிள்ளை கத்தும்போது மெல்லப் பாடினால் அதன் காதில் விழவே விழாது. முதலில் அதன் சத்தத்துக்கு ஈடாகக் குரலை எடுக்க வேண்டும். அது மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தும். அந்த இடைவெளியில் "ரோ...ரோ..." என்று இழுத்து, அடுத்த அடியை ஒரு படி கீழே இறக்கிப் பாட வேண்டும். அது இறங்கினால் நாமும் இறங்கலாம். கடைசியில் வெறும் முனகல்தான் இருக்கும். சட்டென்று நிறுத்தினால் கண்ணைத் திறந்துவிடும். போனில் ஓடும் தாலாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, குரலும் என்னுடையதைவிட நூறு மடங்கு இனிமை. ஆனால் பிள்ளை மூச்சு வாங்குகிறதா, கொட்டாவி விடுகிறதா என்று பார்த்து அது இறங்காது. அதனால்தான் எனக்கு அதில் பிடிப்பில்லை.

சரி, என்ன பாடுவது?

என் ஆயா, அதாவது என் ஆத்தாளைப் பெற்றவர், பாடியதைச் சொல்கிறேன். என் ஆத்தா கைப்பிள்ளையாக இருந்தபோது ஐயா, அதாவது ஆயாவின் வீட்டுக்காரர், பர்மாவில் இருந்தார். எங்கள் நகரத்தார் ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போனால் மூன்று வருஷக் கணக்கு. போனவர் கணக்கு முடித்துத் திரும்புவதற்குள் பிள்ளை பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிடும். இங்கே பெரிய வீடு. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஒரு அறை, சமையல் தனித்தனி, ஆனால் காது எல்லாம் பொது. மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லோரும் இருக்கிற இடத்தில் இருபது வயசுப் பெண் வாய் திறந்து "அவுக எப்ப வருவாக" என்று கேட்க முடியுமா? பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டால் பாடலாம். பாட்டில் என்ன சொன்னாலும் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

கடல் தாண்டிப் போனாக கண்ணே உன் அப்பச்சி
கணக்கு முடிஞ்சதுன்னா கப்பலேறி வருவாக

என் ஆத்தாளுக்கு ஆயா பாடியது இது. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது ஐயாவுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. காடும் மலையுமாக நடந்து அஸ்ஸாம் பக்கம் வந்து சேர்ந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்பார்கள். அதற்கப்புறம் என் அம்மான் பிறந்தார். அவருக்குப் பாடும்போது ஆயா அந்த அடியை மாற்றிவிட்டார்.

காடு மலை தாண்டிக் கால்நடையா வந்தாக
காத்திருந்த வாசலுக்கு கண்ணே உன் அப்பச்சி

மெட்டு அதேதான். யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. நடந்தது பாட்டுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். என் தம்பிக்கு ஆயா பாடி நான் கேட்டபோது அப்பச்சி என்ற இடத்தில் ஐயா வந்திருந்தது. ஐயா அப்போது முகப்பில் சாய்வு நாற்காலியில்தான் இருப்பார். அந்த அடி வரும்போது பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். பர்மாவைப் பற்றி அவர் வாயால் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தொட்டிலடியில் தெரிந்துகொண்டதுதான்.

சீர் அடுக்குவது இன்னொரு வகை. அம்மான் வெள்ளிச் சங்கு கொண்டுவருவார், அத்தை கிலுகிலுப்பை கொண்டுவருவார், சித்தப்பா அரைஞாண் கொண்டுவருவார் என்று ஒரு ஆள் விடாமல் அடுக்கிக்கொண்டே போகலாம். பிள்ளை தூங்கும் வரை உறவு தீராது. இது எவ்வளவு பழசு என்று திருக்கோட்டியூர் போகும்போதெல்லாம் நினைப்பேன். எங்கள் மாவட்டத்து ஊர்தான். கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தைப் பெரியாழ்வார் அந்த ஊரைச் சொல்லித்தான் பாடியிருக்கிறார். அதோடு சேர்ந்து வரும் அவருடைய தாலாட்டிலும் சீர்வரிசைதான்: பிரமன் மாணிக்கமும் வயிரமும் பதித்த பொன் தொட்டில் அனுப்புகிறான், இந்திரன் கிண்கிணி அனுப்புகிறான். தேவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைக்கு அம்மான், சித்தப்பா முறையில் வந்து நிற்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மகளிடம், "பேர் சொல்லிப் பாடுத்தா, தானா வரும்" என்றேன். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. விடுமுறை முடிந்து போய்விட்டார். முதல் நாள் "ஆராரோ"வைத் தாண்டவில்லை. வெட்கம். நான் அடுப்படிப் பக்கம் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் கேட்டது:

சிங்கப்பூர் போனாக சிரிச்ச முகம் அப்பச்சி
சனிக்கிழமை ராத்திரிக்குத் திரையிலே வருவாக

அப்படியே நின்றுவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் "போனாக, வருவாக" என்று வந்துவிட்டது பாருங்கள். சென்னையில் படித்து, சென்னையில் வேலை பார்த்த பெண். அவள் பேச்சில் அந்த "ஆக" வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. குரல் கடைசியில் கொஞ்சம் தழுதழுத்தது. பிள்ளை தூங்கிய பிறகு அவளும் நன்றாகத் தூங்கினாள். அதற்கு முன்னால் சில நாளாக அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

கோயில் அடி மட்டும் நான் கட்டிக் கொடுத்தது. எங்களில் பிள்ளைக்கு அப்பச்சி வழிக் கோயில்தான் கோயில். எங்களுக்குப் பிள்ளையார்பட்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு வைரவன்பட்டி. பேரன் அந்தக் கோயில் பிள்ளை, அதனால் பாட்டிலும் அந்தச் சாமிதான் முதலில் வர வேண்டும்.

வைரவன் பட்டியிலே வளரொளியார் காத்திருக்க
வாடி அழுவதென்ன வண்ணமணி மரகதமே

அப்புறம் பிள்ளையார்பட்டிக்கும் ஒரு அடி உண்டு. அதை நான் பாடும்போது மட்டும் சேர்த்துக்கொள்வேன்.

அடுத்த மாதம் பிள்ளையை அவர்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே அப்பத்தா தொட்டில் கட்டி வைத்திருக்கிறார். அங்கே பாட்டில் வரும் பேர்கள் வேறு, வீடு வேறு, பெரியப்பா சித்தப்பா வரிசை வேறு. போன வாரம் சம்பந்தி ஆச்சி போன் செய்து நலம் விசாரித்துவிட்டு, "ஆச்சி, ஒங்க பக்கம் அம்மான்மார் பேரு, ஐயா பேரு எல்லாம் வரிசையாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன், இங்க பாடுறப்ப விட்டுறக் கூடாதுல்ல" என்றார். பர்மாவிலிருந்து நடந்து வந்த ஐயாவின் பேரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் யார் என்று கேட்டார். அதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.