சோகத்துக்கு ஒரு ஃபோல்டர்

2025 மே 4, ஞாயிறு

கடை கம்ப்யூட்டரில் 'சோகம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். கண்ணீர் வழியும் கண்கள், குத்துவிளக்கு, வெள்ளை ரோஜா, மேகத்தைக் கிழித்துக்கொண்டு வரும் ஒளி, புறா. கிருஷ்ணகிரியில் யார் தவறினாலும், எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஆர்டர் வந்தால் இதற்குள்ளிருந்துதான் எடுத்து ஒட்டுவேன். போட்டோவை வெட்டி நடுவில் வைத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே தோற்றம், மறைவு, ஓரத்தில் பேரன் பேத்திகள் வரிசை. அரைமணி நேர வேலை.

நேற்று வந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். அப்பா போய்விட்டார். முடித்துத் திரையில் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் சோகமா வைங்கண்ணா" என்றான். கண்ணில் இன்னொரு சொட்டு சேர்த்தேன். "இப்ப ஓகேண்ணா" என்று பணம் கட்டிவிட்டுப் போனான்.

அந்த ஒரு சொட்டு என்னை விடவில்லை. சாயங்காலம் கடை சாத்தியதும் காவேரிப்பட்டணம் போய் மாமாவிடம் அவருடைய பிரஷ் டப்பாவைக் கேட்டேன். மாமா பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட். எனாமல் பெயின்ட், டர்பன்டைன், நீலப்பொடி தடவிய நூலைச் சுண்டி அடிக்கிற நேர்கோடு என்று வாழ்ந்தவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் ஏணியை விற்றுவிட்டார். அவருக்குப் பிழைப்பு போன தொழிலில்தான் எனக்குச் சம்பளம். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நேற்று மட்டும், "சும்மா வரையறதுக்கு பிரஷ் எதுக்குடா, அதான் மவுஸ் இருக்கே" என்றார். சொல்லிவிட்டு டப்பாவைக் கொடுத்தார்.

வரைகிறதையும், பார்க்கிற படங்களையும் இங்கே அப்பப்ப எழுதி வைக்கிறேன்.

மே 9, வெள்ளி

நார்வேக்காரர் எட்வர்ட் முங்க் என்றால் எல்லோரும் 'அலறல்' படத்தைத்தான் சொல்வார்கள். 1893இல் வரைந்தது. செல்போன் எமோஜி வரைக்கும் வந்துவிட்டது. நான் இந்த வாரம் பார்த்துக்கொண்டிருப்பது அவர் அதற்கு முன்னால் வரைந்த 'நோயுற்ற சிறுமி'.

முங்குக்கு ஐந்து வயதிருக்கும்போதே அம்மா காசநோயில் போய்விட்டார். 1877இல் அக்கா சோஃபியும் அதே நோயில். அப்போது அவளுக்கு 15 வயது. 1885, 86 வாக்கில் முங்க் அதை வரைய உட்கார்ந்தார். பூசுவார், சுரண்டுவார், மறுபடி பூசுவார். பெரிதாக்கிப் பார்த்தால் பெயின்ட்டில் நெடுக்காக இழுத்த கீறல்கள் அப்படியே இருக்கின்றன. கண்காட்சியில் வைத்தபோது அரைகுறைப் படம் என்று கிழித்தார்கள். அவர் விடவில்லை. அதே காட்சியை நாற்பது வருஷத்தில் ஆறு தடவை ஆயில் பெயின்ட்டில் வரைந்தார்.

தலையணையில் சாய்ந்திருக்கும் பெண், செம்பட்டைத் தலைமுடி. பக்கத்தில் அவர்களை வளர்த்த சித்தி தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள். சித்தியின் முகம் நமக்குத் தெரியாது, உச்சிதான் தெரிகிறது. படம் முழுக்கத் தேடினேன், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இரண்டு பேருடைய கையும் சேர்கிற இடத்தில் விரல்கள்கூட இல்லை, வெறும் பூச்சு. என் கடையில் இதைக் கொடுத்தால் "ரெசல்யூஷன் பத்தலைண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் அந்தக் கவிழ்ந்த தலையைத் தாண்டி எனக்குப் பார்வை போகவில்லை.

மே 11, ஞாயிறு

காந்தி ரோட்டில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரிசையில் நிற்கவைத்துக் கூட்டிப்போன இடம். அன்றைக்கு நடுகற்களைத் தொட்டதற்கு அடி வாங்கியது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

இன்றைக்கு நின்று பார்த்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமை முழுக்கவே நடுகல் பூமி. மாட்டு மந்தையைக் கவரும் சண்டையில் செத்தவன், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன். ஓங்கிய வாள், மடங்கிய கால், பக்கவாட்டில் திரும்பிய முகம். பிற்காலத்துக் கல் என்றால் அடுக்கடுக்காக இருக்கும்: கீழே சண்டை, நடுவில் இரண்டு தேவகன்னிகள் வீரனைத் தோளோடு பிடித்து மேலே தூக்கிப்போவது, உச்சியில் சிவலிங்கத்தின் முன்னால் அவன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுவும் ஃபோல்டர்தானே! அந்தச் சிற்பியிடமும் ஒரு 'தேவகன்னி' ஃபைல் இருந்திருக்கிறது. செத்தவன் யாராக இருந்தாலும் அதே இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். முங்க்கைப் பார்த்துவிட்டு என் தொழிலைப் பற்றி ஒரு மாதிரி கேவலமாக நினைக்க ஆரம்பித்திருந்தேன். இங்கே ஆயிரம் வருஷமாக மழையில் நனைந்த ரெடிமேட் அஞ்சலிக்கு இன்னமும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற ஊர்கள் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லின் போட்டோவைத் தேடி எடுத்தேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். வழக்கமான வீரன், வழக்கமான ஆயுதம். ஆனால் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வீரன் மற்ற கல்லில் இருக்கிற வீரர்களைப் போலத்தான் இருக்கிறான். நாய் மட்டும் அந்த வீட்டு நாய்.

வார்ப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குள் அந்த ஆளுக்கே உரியதென்று ஒன்று இருக்க வேண்டும், முங்க்கிடம் அந்தக் கவிழ்ந்த தலை மாதிரி.

மே 16, வெள்ளி

சோதித்துப் பார்த்தேன். ஒரு பெரியவருக்கு அஞ்சலி பேனர். கேட்க வந்தவர் மருமகன். "அவர் எப்படிங்க, எதுல பிரியம்?" என்று கேட்டேன். மனுஷன் யோசித்துவிட்டு, "டிவிஎஸ் ஃபிஃப்டிங்க. முப்பது வருஷமா அதே வண்டி. பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவும் அதுலதான் போனாரு, மாட்டுக்குப் புல்லுக்கட்டும் அதுலதான்" என்றார். சொல்லும்போதே குரல் மாறிவிட்டது. நான் புறாவை எடுத்துவிட்டு, ஓரத்தில் அந்த வண்டியைச் சின்னதாக, ஆள் இல்லாமல், ஸ்டாண்டு போட்டு வைத்தேன். அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

அரைமணி நேரத்தில் போன். "அண்ணா, பெரியவங்க ஒத்துக்கலை. வண்டி விக்க விளம்பரமான்னு கேக்கறாங்க. புறாவே போட்டுருங்க."

போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டியிருக்கிறார்கள்.

மே 18, ஞாயிறு

டச்சு ஓவியர் வான்கோவைப் பற்றி மாமாவிடம் சொல்ல ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. அவரும் கட்டம் போட்டு வரைந்தவர்!

1889 இலையுதிர் காலத்திலிருந்து அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை, செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, மில்லே என்ற ஓவியரின் படங்களைப் பார்த்து 21 ஓவியங்கள் வரைந்திருக்கிறார். கையில் இருந்ததெல்லாம் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளும் போட்டோக்களும். 'முதல் அடிகள்' படத்துக்கு, தம்பி தியோ அனுப்பிய போட்டோ மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைக் கேன்வாஸில் பெரிதாக்கி மாற்றியிருக்கிறார். மாமா தலைவர்கள் முகத்தைச் சுவரில் ஏற்றியது அச்சு அசலாக இதே முறைதான். கலர் மட்டும் வான்கோவின் சொந்தச் சரக்கு. பாடகர் வேறொருவர் பாட்டைத் தன் பாணியில் பாடுவதில்லையா, அப்படித்தான் இதுவும் என்ற அர்த்தத்தில் தம்பிக்கு எழுதியும் இருக்கிறார்.

தோட்டம். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்பா மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டுகிறார். எதிர்ப்பக்கம் அம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குழந்தை இன்னும் நடக்கவில்லை. நடக்கப் போகிறது. அவர் அதை வரைந்த 1890 ஜனவரியில் தியோவின் மனைவி நிறைமாதம்.

நானும் சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு வரைந்தேன். முகம் வரவேயில்லை, முகத்தை விட்டுவிட்டேன். அந்த நீட்டிய கைகளுக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கிற வெறும் இடம்தான் கஷ்டம். கைகளைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனால் படம் செத்துவிடுகிறது, தள்ளிப்போனால் அப்பா யாரோ ஆகிவிடுகிறார். "எழுத்துக்கு இடைவெளிதான்டா உசுரு" என்று மாமா சொல்வது போர்டுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

மே 21, புதன்

காற்றும் மழையும். தோப்புக்காரர்கள் எல்லாம் விழுந்த மாங்காயைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். கரன்ட் இல்லாததால் கடையில் வேலை இல்லை. செல்போனில் வான்கோவின் 'இரவு விடுதி', 1888. மனுஷனுக்குள் இருக்கும் பயங்கரமான வேகங்களைச் சிவப்பாலும் பச்சையாலும் காட்டப் பார்த்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். நம்மூரில் சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கூட்டணி என்று கேட்பார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

அம்மாவின் கைகளை வரைய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சீசன் வந்துவிட்டால் அம்மா மாங்கூழ் ஆலைக்குப் போய்விடுவாள். பழம் பிரிக்கிற வேலை. பெங்களூரா ரக மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும். காம்பு முறிகிற இடத்தில் வடிகிற பால் பட்டுப் பட்டு விரலிடுக்கில் தோல் கறுத்து உரிந்திருக்கும். நகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள், எந்தச் சோப்புக்கும் போகாது. ஆவணியில்தான் மறையும். வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெடிப்பு, அதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே டிவி பார்ப்பாள்.

இதற்கு யார் வழி காட்டுவார் என்று பார்த்ததில் மறுபடி வான்கோதான் வந்தார். 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்', 1885, நியூனென் கிராமம். எண்ணெய் விளக்குக்குக் கீழே ஐந்து பேர், நடுவில் ஆவி பறக்கிற தட்டு. எதிரே இருக்கிற சிறுமி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். தட்டில் வைக்கிற இதே கைகளால்தான் இவர்கள் மண்ணைக் கிளறினார்கள், சாப்பாட்டை நேர்மையாகச் சம்பாதித்தார்கள், அது தெரிய வேண்டும் என்று தம்பிக்கு எழுதினார். முதலில் முகங்களுக்கு வழக்கமான தோல் நிறம் கொடுத்து முடித்துவிட்டாராம். அப்புறம் அத்தனையையும் திரும்பப் பூசியிருக்கிறார். உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறத்தில்.

நிறத்தைச் சாப்பாட்டிலிருந்தே எடுத்துவிட்டார்! இதைப் படித்ததும் எழுந்து போய்க் கூடையிலிருந்து ஒரு பெங்களூராவை எடுத்து வந்தேன். மூக்குப் பக்கம் பச்சை, தோள்பட்டையில் மஞ்சள், காம்படியில் பால் காய்ந்த கறுப்புக் கறை. பாலெட்டில் இந்த மூன்றும் கொஞ்சம் காவியும் மட்டும்தான். ஸ்கின் கலர் என்று டியூபில் விற்பதைத் தொடவில்லை.

அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பக்கவாட்டில் உட்கார்ந்து வரைந்தேன். விளம்பரம் வந்தால் கை அசையும், சீரியல் ஓடினால் அசையாது. கட்டைவிரல் வெடிப்பைப் பிரஷால் வரைந்தால் அது பொய்க்கோடாக நின்றது. பெயின்ட் காய்வதற்குள் பிரஷைத் திருப்பிப் பிடித்து, பின்காம்பால் ஒரு இழுப்பு. முங்க் சும்மா சுரண்டவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு கை?"

"உன் கைதாம்மா."

"என் கை இப்படியா அழுக்கா இருக்கு? தேச்சுக் கழுவுறேன் தினம்."

அழுக்கில்லை, மாங்காய் என்று விளக்கினேன். "அதை எதுக்குடா படத்துல போட்ட? ஊர்ல நாலு பேரு பாக்கறது" என்றாள். வான்கோவுக்கும் இதே கதைதான். நண்பர் ராப்பார்டுக்கு அந்த உருளைக்கிழங்குப் படத்தின் லித்தோ பிரதியை, அதாவது கல்லில் வரைந்து அச்செடுத்ததை, அனுப்பினார். அவர், இந்த ஆளுக்கு முழங்கால், வயிறு, நுரையீரல் எதுவும் கிடையாதா, கை ஏன் ஒரு மீட்டர் குட்டையாக இருக்கிறது என்று கிழித்து எழுதி அனுப்பினார். ராப்பார்டாவது ஓவியர். எனக்கு வாய்த்தவள் அந்தக் கைக்கே சொந்தக்காரி.

சாயங்காலம் மாமா வந்தார். படத்தைப் பார்த்தவர் அம்மாவைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். "சுண்டுவிரல் நீளம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பிரஷ் டப்பாவைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அம்மா மட்டும் விடுவதாக இல்லை.

"சரி, வரைஞ்சது வரைஞ்சுட்ட. கை மொட்டையா இருக்கு பாரு, ரெண்டு வளையலாவது போடு."

"நீ ஆலைக்குப் போகும்போது வளையலைக் கழட்டி வச்சுட்டுதானேம்மா போற?"

"அது ஆலைக்கு. இது படத்துக்கு."

"சரி, பச்சையா சிவப்பா?"

"கண்ணாடி வளையலா போடுவ? தங்கம் போடு."