பென்சில் முனையின் தடிமன்

இஸ்ரேல்–அரபு வரைபடங்களில் பச்சைக் கோடு (1948 போருக்குப் பின் இஸ்ரேலுக்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் இடையே வகுத்த 1949 போர்நிறுத்தக் கோடு) எப்போதும் மெல்லிய இழையாகவே இருக்கும். தரையில் அது அப்படி இருந்ததே இல்லை.

1948 நவம்பர் 30 அன்று ஜெருசலேமில் இரு தளபதிகள் ஒரே வரைபடத்தின் மேல் குனிந்தார்கள்: இஸ்ரேலின் மோஷே தயான், ஜோர்டானின் அப்துல்லா அல்-தல். தத்தம் படைகள் நின்ற இடத்தைத் தயான் பச்சையிலும் அல்-தல் சிவப்பிலும் தடித்த மெழுகுப் பென்சிலால் குறித்தார்கள். வரைபடத்தின் அளவு 1:20,000. அதாவது 1 மில்லிமீட்டர் தரையில் 20 மீட்டர். பென்சில் கோடு 3, 4 மில்லிமீட்டர் அகலம் என்றால் தரையில் 60 முதல் 80 மீட்டர். வீடுகளும் தெருக்களும் அந்த மெழுகுக்குள்ளேயே அடங்கிவிடும். கோட்டுக்கு அடியில் இருக்கும் வீடு யாருடையது? இரண்டு கோடுகளுக்கும் நடுவிலிருந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாத பகுதியானது. கோட்டின் அகலமோ ஓயாத தகராறானது. தற்காலிகப் போர்நிறுத்தத்துக்குத்தான் வரைந்தார்கள். ஆனால் இஸ்ரேலும் ஜோர்டானும் 1949 ஏப்ரல் 3இல் செய்த போர்நிறுத்த ஒப்பந்தம் ஜெருசலேமுக்கு அதே கோடுகளை அப்படியே எடுத்துக்கொண்டது. 1967 போர் வரை நகரம் அந்தக் கோடுகளில்தான் பிளந்து கிடந்தது.

எகிப்து (பிப்ரவரி 24), லெபனான் (மார்ச் 23), சிரியா (ஜூலை 20) ஆகியவையும் அதே ஆண்டு இஸ்ரேலுடன் போர்நிறுத்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஈராக் கையெழுத்திடவில்லை, படைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பேச்சுவார்த்தைகளை நடத்திவைத்த ஐ.நா.வின் ரால்ஃப் பன்ச்சுக்கு 1950இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. எகிப்து ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்தக் கோட்டை எந்த வகையிலும் அரசியல் எல்லையாகவோ நில எல்லையாகவோ கொள்ளக்கூடாது என்கிறது. ஜோர்டான் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவும் எதிர்கால எல்லைக்கோ உரிமைக் கோரிக்கைக்கோ இது தடையாகாது என்கிறது. ‘1967 எல்லை’ என்று இன்று வழங்குவது 1949இன் போர்நிறுத்தக் கோடுதான். அந்தப் பெயரை யோசிக்காமல் எழுதுவது எனக்கு உறுத்துகிறது. எல்லை இல்லை என்பதால் கோட்டைத் தாண்டிய நிலம் கேட்பாரற்றது என்று வாதிடுவதும் அதே அளவு தவறு. போரால் நிலம் சேர்ப்பதை ஏற்க முடியாது என்று 1967 நவம்பரில் பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானம் முகவுரையிலேயே சொல்லிவிட்டது.

கோட்டின் விலை தெரிய வேண்டுமானால் பர்தா என்ற ஊரைப் பாருங்கள். வட இஸ்ரேலின் வாதி ஆரா பள்ளத்தாக்குப் பக்கத்து அரபுக் கிராமம். 1949 கோடு ஊரை இரண்டாக வெட்டியது: மேற்கு இஸ்ரேலுக்கு, கிழக்கு ஜோர்டானுக்கு. 1967இல், அதுவரை ஜோர்டான் வசமிருந்த மேற்குக் கரை இஸ்ரேல் வசமானதும் இரு பாதிகளுக்கும் இடையே போக்குவரத்து திரும்பியது. மேற்குக் கரையைப் பிரிக்க இஸ்ரேல் 2002இல் தொடங்கிய தடுப்பு வேலியை இங்கே பச்சைக் கோட்டில் போடவில்லை, ஊருக்குக் கிழக்கே தள்ளிப் போட்டார்கள். கிழக்கு பர்தா கோட்டுக்கும் வேலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அங்குள்ளவர்கள் மேற்குக் கரை நகரமான ஜெனினுக்குப் போய்வர சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். சொந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும்.