கண்மாய்க் கல்லுல ஆரம்பிச்சது

நேத்து எங்க மகளிர் மன்றத்துல அடுத்த வருஷ நிகழ்ச்சிக்கெல்லாம் தேதி குறிச்சோம், அந்த சந்தோஷத்துல இதை எழுதுறேன். புதுக்கோட்டைக்குப் பக்கத்துல ஒரு கிராமம் எங்களது. மன்றத்துல இருபத்தஞ்சு பேர் இருக்கோம், பாதிப் பேர் 100 நாள் வேலைக்குப் போறவங்க, அப்புறம் ரெண்டு டீச்சர், ஒரு சத்துணவு அக்கா, கடை வச்சிருக்கிறவங்க, வீட்டுல இருக்கிறவங்கன்னு எல்லாரும்.

வருஷம் ஜனவரி 25, வாக்காளர் தினத்துல ஆரம்பிக்கும். 18 ஆகப் போற புள்ளைங்களை உக்கார வச்சு படிவம் 6 நிரப்பச் சொல்லுவோம், 17 முடிஞ்சாலே முன்கூட்டியே கொடுக்கலாம்னு பல வீட்டுல தெரியவே தெரியாது. மறுநாளே குடியரசு தினம், கிராம சபை.

மார்ச் 8ன்னா எங்க மாவட்டத்துல சைக்கிள்தான். 1990கள் ஆரம்பத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க, எழுத்து கத்துக்கிட்ட கையோட ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. எங்க மன்றத்துல மூத்தவங்க ஒரு அக்கா, அப்ப கத்துக்கிட்டவங்கதான். "லேடீஸ் சைக்கிள் கிடைக்கலடி, எங்க அண்ணன் சைக்கிள்லயே பார்ல கால் தூக்கிப் போட்டு ஓட்டினேன், கல் குவாரிக்கு நடந்து போனவ மிதிச்சுட்டுப் போனேன்"னு இந்த வருஷமும் சொன்னாங்க, எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்குது.

ஜூலை 30 முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாள். 1886ல புதுக்கோட்டையில பிறந்தவங்க, ஆம்பளைப் பசங்க மட்டும் படிச்ச மகாராஜா காலேஜுல போராடி எடம் வாங்கினவங்க, 1912ல டாக்டராகி, 1926ல சென்னை மாகாண சட்ட மேலவைக்குப் போய், தேவதாசி முறையை ஒழிக்கணும்னு அங்க நின்னு பேசினவங்க. காந்தியைக் கைது பண்ணினதும் 1930ல அந்தப் பதவியையே தூக்கிப் போட்டுட்டு வந்தாங்க. நம்ம மண்ணுல பிறந்தவங்கன்னு புள்ளைங்க கிட்ட சொல்றப்போ அதுங்க முகத்தைப் பாக்கணும்.

ஆனா இந்த வருஷம் என் மனசுல நின்னது கண்மாய்க்குப் போனதுதான். வழக்கமா சித்தன்னவாசல், திருமயம் கோட்டைன்னு வேன் வச்சுப் போவோம். இந்தத் தடவை டீச்சர், "நம்ம ஊர்க் கண்மாய்க்குள்ளயே குமிழி இருக்கு, அதைப் பாப்போம்"னாங்க. குமிழின்னா கண்மாய்த் தண்ணியை வயலுக்குத் திறந்து விடுற கல் மதகு. செப்டம்பர்ல தண்ணி சுத்தமா வத்தியிருந்துச்சு. ரெண்டு கல்தூண் நிக்கும், குறுக்கே பலகைக் கல்லு, கீழ தண்ணி போற துளை, மூடிக்கல்லைத் தூக்கினா தண்ணி கண்மாய்க்கு அடியிலயே ஓடி வயலுக்குப் போயிடும். சின்ன வயசுல அதுமேல ஏறி குதிச்சு விளையாடியிருக்கேன், அதுல எழுத்து இருக்கிறது தெரியாது. டீச்சர் கல்லை நனைச்சுட்டு டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சாங்க பாருங்க, அப்படியே எழுத்து எழும்பி வந்துச்சு. சைக்கிள் அக்கா விரலை வச்சு "இது ப, இது ட, இது ம"ன்னு ஒவ்வொண்ணா தடவுறாங்க, இருபது வயசுக்கு மேல எழுத்து கத்துக்கிட்டவங்க அவங்க. குமிழியைச் செஞ்சு வச்ச ஆளோட பேரு அதுல இருக்குன்னு டீச்சர் வாசிச்சுச் சொன்னதும், அக்கா எழுந்து நின்னு, கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வாய்க்கால் இருக்கே, அந்த வரத்து வாரிப் பக்கம் பாத்தாங்க. "அவன் பேரைப் போட்டு செஞ்சு வச்சுட்டுப் போயிருக்கான், நாம வாரியில கருவேலமுள்ளை மண்ட விட்டிருக்கோமே, இதை யாருகிட்டடி கேக்குறது?"

அக்டோபர் 2 கிராம சபையில கேட்டோம். 500 பேருக்கு மேல, 3000 பேருக்குள்ள இருக்கிற ஊராட்சிக்கு 100 பேர் வந்தாத்தான் சபை செல்லும். முன்னெல்லாம் வீட்டுக்கே நோட்டைக் கொண்டு வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க, நாங்களும் போட்டுட்டு அடுப்பு வேலையைப் பாப்போம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு. இந்தத் தடவை வீடு வீடாப் போய்க் கூப்பிட்டு, நாங்க கூட்டிட்டு வந்த பொம்பளைங்களே அறுபது பேருக்கு மேல. அக்கா மனுவை அவங்களே வாசிச்சாங்க, கை நடுங்குச்சு, குரல் நடுங்கல. ஊராட்சிக்காரங்க "பாக்கலாம்மா"ன்னாங்க. "பாக்கலாம்னு வேணாம்யா, தீர்மானமா எழுதுங்க, எழுதினதை வாசிங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறோம்"னு சொல்லிட்டு அக்கா உக்காரவே இல்ல. எழுதினாங்க, வாசிச்சாங்க.

தீபாவளி முடிஞ்ச கையோட மெஷின் வந்து பாதி வாரியை வெட்டிட்டுப் போச்சு. மீதிப் பாதிக்கு ஜனவரி 26ல மறுபடி கேப்போம், மனு இப்பவே எழுதி வச்சாச்சு. ஐப்பசி மழைக்குத் தண்ணி வந்துருச்சு, நேத்து காலையில பாத்தேன், குமிழித் தூண் நுனி மட்டும் ஒரு முழம் வெளிய தெரியுது.

அடுத்த வருஷ லிஸ்ட்ல எல்லாத்துக்கும் தேதி போட்டாச்சு, கண்மாய்க் கல்லு பாக்கப் போறதுக்கு மட்டும் போடல. தண்ணி வத்தட்டும்னு விட்டுட்டோம்.