ஆறிப்போன தேநீர்

நேற்று மாலை ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவதற்காக எங்கள் பங்குச் சுவாமியிடம் சென்றிருந்தேன். எனக்கு முன்னர் வந்திருந்த அம்மா ஒருவர், போர் முடிந்த 2009 மே மாதத்தில் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த மகனைப் பற்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகப் பேசிவிட்டுப் போனார். அதன்பின் சுவாமி தேநீரைக் கையில் வைத்தபடி, அது ஆறும்வரை குடிக்காமலே இருந்தார்.

“களைப்பாக இருக்கிறதா, சுவாமி?”

“முந்தி இந்தக் கதைகளைக் கேட்டால் அழுவேன், தம்பி. இப்போது அழுகை வருவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.”

சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வரும் பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், தன் பணியால் பயனில்லை என்ற உணர்வு. (அதனை நோயாக அது வகைப்படுத்தவில்லை.) சுவாமி சொன்னது இரண்டாவதை.

பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் தம் பாரத்தை மேற்பார்வையாளரிடம் இறக்கிவைக்கலாம். சுவாமியோ பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஆயரிடம்கூடச் சொல்ல இயலாது. அதற்கும் மேலாக, போரின் அந்த இறுதி மாதங்களில் சனங்களோடு பதுங்குகுழிகளில் இருந்த சுவாமிமாருக்கு, பிறர் சொல்லும் கதை பாதி தம்முடைய கதையும்தான். நாமோ திருப்பலி ஐந்து நிமிடம் பிந்தினால் முணுமுணுக்கிறோம்; நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

கடிதத்தை நான் வெளியே எடுக்கவில்லை. தேநீரைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு, இருட்டும்வரை பேசாமல் உடனிருந்தேன்.