இருபத்துநான்கு வயதுக்காரரின் தலைப்புகள்

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் ஞானோபதேசத்தை (கேள்வி-பதில் வடிவிலான விசுவாசப் பாடநூல்) மனப்பாடம் செய்தவன் நான். அதில் திரும்பத் திரும்ப வரும் ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்ற கேள்வி இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. ஆனாலும் லுத்தரின் சக ஊழியரான பிலிப் மெலாங்க்தனை நாற்பது வயதுக்குமேல்தான் படித்தேன்.

லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்த 1521இல், விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த மெலாங்க்தன் ‘லோசி கம்யூனஸ்’ நூலை வெளியிட்டார். லுத்தரன் இறையியலின் முதல் முறையான நூல். அப்போது வயது 24! (அந்த வயதில் நான் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன்.)

‘லோசி’ என்றால் தலைப்புகள். மாணவர்கள் நோட்டில் பாவம், நியாயப்பிரமாணம், கிருபை என்று தலைப்பிட்டு, படித்ததை அதனதன் கீழே குறித்துவைப்பார்களே, அதே உத்திதான். தலைப்புகளை பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்திலிருந்து எடுத்தார். திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராயிருக்கும் ஒரே கடவுள்) ஆராயாமல், வணங்கினால் போதும் என்று தாண்டிவிடுகிறார். கிறிஸ்துவை அறிவதென்றால் அவர் தரும் நன்மைகளை அறிவதே என்ற வரியில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பிற்பதிப்புகளில் அவரே திரித்துவத்தைச் சேர்த்து நூலைப் பருக்கவைத்தார். பின்வந்த லுத்தரன் இறையியலாளர் கெம்னிட்ஸ் அதற்கு விரிவுரை செய்தார். இதே தலைப்பு முறையில் 1610இல் எழுதத் தொடங்கிய இன்னொரு லுத்தரன் இறையியலாளர் கெர்ஹார்டோ ஒன்பது தொகுதிகள் எழுதினார். எனக்கென்னவோ அந்த மெலிந்த முதல் பதிப்புதான் பிடித்திருக்கிறது.