படலையிலிருந்து சிப் வரை

தரம் 10 தகவல் தொழினுட்பப் பாடநூலில் 'தருக்கப் படலை' (logic gate) என்றொரு அலகு இருக்கிறது. யாழ்ப்பாணத்து வேலிப் படலையைத் திறந்து மூடிய தலைமுறைக்கு அந்தச் சொல் உடனே விளங்கும். வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் பிறந்து வளர்ந்த என் மருமகளுக்கோ முதலில் படலை என்றால் என்னவென்றே சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படலைகள் உள்ள ஒழுங்கையில் இரண்டும் திறந்திருந்தால்தான் வீட்டுக்குப் போகலாம், அதுதான் 'உம்' (AND) படலை என்றேன். எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை என்று காட்டும் உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்திருந்த பிள்ளை அன்றுதான் அதை நம்பத் தொடங்கினாள்.

சிப் வடிவமைப்பைச் சார்ந்த வேலையில் இருப்பவன் என்பதால், பிள்ளைகள் சிப் வடிவமைப்பைக் கற்பதைப் பல்கலைக்கழகம் வரை தள்ளிப்போட வேண்டுமா என்று பல பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. குறைகடத்தியின் பௌதிகத்துக்கு உயர்தரக் கணிதம் வேண்டும் என்பது உண்மைதான்; ஆனால் வடிவமைப்பின் தொடக்கப் பகுதி தருக்கமே. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர்களான காவர் மீடும் லின் கொன்வேயும் சிப்பை வரைவதற்கான விதிகளை எளிமையாக்கி, வடிவமைப்பவர் உற்பத்தியின் உள்விவரங்களை அறிந்திருக்க வேண்டிய தேவையைக் குறைத்தார்கள், 1978இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கொன்வே நடத்திய பாடநெறியின் மாணவர் தாம் வரைந்ததையே சிப்பாகக் கையில் பெற்றனர். 2020இல் கூகுளும் சிப் உற்பத்தி நிறுவனமான ஸ்கைவாட்டரும் 130 நனோமீற்றர் உற்பத்தித் தொழினுட்பத்தின் வடிவமைப்புக் கோப்புகளைத் திறந்துவிட்டன. 2022இல் தொடங்கிய டைனி டேப்அவுட் என்ற திட்டத்தில், பலருடைய சிறு வடிவமைப்புகள் ஒரே சிப்பில் இடம்பிடித்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன; ஒருவருக்குக் கிடைக்கும் மனை ஏறத்தாழ 160க்கு 100 மைக்ரோமீற்றர்தான், ஆயினும் பாடசாலைப் பிள்ளைக்கு அது தாராளம்.

ஆனால் நாங்கள் அங்கிருந்து தொடங்கவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 74எச்.சி.08 ('உம்' படலைகள் கொண்டது), 74எச்.சி.86 (XOR படலைகள் கொண்டது) ஆகிய சிப்களையும், பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகிச் சுற்று அமைக்கும் பிரெட்போர்ட் ஒன்றையும் வாங்கி வந்து, 0, 1 ஆகியவற்றில் இரண்டைக் கூட்டும் அரைக்கூட்டி கட்டினோம். ஆளியை மூடினால் சரியான விடை வந்தது, திறந்துவிட்டால் எல்.ஈ.டி. தன்பாட்டில் மின்னியது.

"மாமா, நான் தொடவே இல்லை, கையைக் கிட்டக் கொண்டுபோனாலே எரியுது!"

திறந்த ஆளி பூச்சியத்தைக் கொடுக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள். அது எதையுமே கொடுப்பதில்லை. அந்தரத்தில் தொங்கும் உள்ளீடு கையிலிருந்தும் சுவர்க் கம்பியிலிருந்தும் வரும் சிறு மின்புலத்துக்கே ஆடிவிடும். உள்ளீட்டுக்கும் பூச்சிய வோல்ற்றுக்கும் இடையே 10 கிலோ ஓம் தடையி ஒன்றை வைத்ததும் அடங்கியது. பாடநூலில் 0, 1 தவிர வேறு நிலையே இல்லை. அரை மணித்தியாலம் மின்னிய அந்த எல்.ஈ.டி. கற்பித்ததை நான் எத்தனை படம் வரைந்தும் கற்பித்திருக்க முடியாது.

அடுத்த மாதம், சுற்றுகளை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் மொழியில், ஒரு பிற்றுக் (bit) கூட்டிகள் நான்கைத் தொடுத்து 4 பிற்றுக் கூட்டி எழுதினாள். 1+2, 4+1, 3+3 எல்லாம் சரியாக வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்றாள். 2+2 போட்டுப் பார்க்கச் சொன்னேன், பூச்சியம் வந்தது. பிரெட்போர்ட்டில் கம்பியை மாற்றிச் செருகலாம், உற்பத்திக்குப் போன சிப் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும்போது அதில் எதையும் மாற்ற முடியாது என்பதை அன்று மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். டியூசன் ஆசிரியர் போலப் பேசுகிறீர்கள் என்று முகத்தைச் சுளித்தாள்.

கோபத்துடனேயே எண்களை மாற்றி மாற்றிக் கொடுக்கும் இரண்டு சுழற்சிகளை (loops) எழுதி, 16க்கு 16 என 256 கூட்டல்களையும் வெரிலாக்கைக் கணினியில் பரீட்சிக்கும் இகாரஸ் வெரிலாக் மென்பொருளில் ஓட்டினாள். 192 சரி, 64 பிழை. மூன்றாம் கூட்டிக்கு இரண்டாவதிலிருந்து வரவேண்டிய மிகுதியை (carry) முதலாவதிலிருந்து எடுத்திருந்தாள்; இரண்டு மிகுதிகளும் ஒன்றாக இருந்த இடங்களில் விடை தற்செயலாகச் சரியாகியிருந்தது. 3+3 ஏன் தன்னை ஏமாற்றியது என்பதைக் கொப்பியில் பிற்று பிற்றாக எழுதிக் கண்டுபிடித்த பிறகே சாப்பிட வந்தாள்.